செயின்லிங்க் வேலி: சதுர அடி விலையை மட்டும் பார்த்தால் போதாது

காலி மனையை வளைத்துப் போட செயின்லிங்க் வேலி, அதாவது பின்னிய கம்பி வலை வேலி, நல்ல தேர்வு. ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு அது அரைகுறைதான். மறைப்பு கிடையாது, தெருத் தூசியும் தடையில்லாமல் உள்ளே வரும். இந்த வேலியில் காசு எங்கே போகிறது, எங்கே ஏமாறுகிறோம் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

ஒரு கிரவுண்டு மனை, 40க்கு 60 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 200 அடி. ஒரு மூலையில் 10 அடி கேட் போக 190 அடி. வலை 5 அடி உயரமென்றால் 950 சதுர அடி. சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, வலை மொத்தம் எத்தனை கிலோ வரும் என்பதை. 10 கேஜ் கம்பியின் தடிமன் 3.25 மி.மீ., 12 கேஜ் 2.64 மி.மீ. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் 2 அங்குலக் கண்ணில் (கண் என்பது வலையின் ஓட்டை) இந்த 950 சதுர அடிக்கு 10 கேஜ் சுமார் 230 கிலோ வரும், 12 கேஜ் சுமார் 150 கிலோதான். கண்ணை 3 அங்குலமாக்கினாலும் 10 கேஜ் வலை அதே 150 கிலோவுக்கு இறங்கிவிடும். எனவே கேஜ், கண் அளவு இரண்டும் எழுத்தில் இல்லாத கொட்டேஷனை வைத்து விலை ஒப்பிட முடியாது.

பி.வி.சி. பூசிய பச்சை வலையில் இன்னொரு தந்திரம் உண்டு. மேல் பூச்சையும் சேர்த்து அளந்து 10 கேஜ் என்பார்கள். நுனியில் பூச்சைச் சுரண்டி, உள்கம்பியைத் தடிமன் அளக்கும் காலிபரில் பிடித்துப் பாருங்கள். கடலோர மனையென்றால் கம்பியின் துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கேட்காமல் வாங்கவே கூடாது; மெல்லிய பூச்சு உப்புக்காற்றில் சீக்கிரம் துருவேறும்.

வலையைவிட அதிகம் கோட்டை விடுவது வலையைத் தாங்கும் கால்களில். 10 அடிக்கு ஒன்று நட்டால் இந்த மனைக்கு 20 சிமெண்ட் கால், 8 அடிக்கு ஒன்று என்றால் 26. விலை குறைத்துக் கேட்டால் ஒப்பந்தக்காரர் முதலில் கை வைப்பது இந்த இடைவெளியில்தான். மூலைகளுக்கும் கேட் ஓரத்துக்கும் சேர்த்து 8 முட்டுக்கால் (சாய்வாக நின்று முட்டுக் கொடுக்கும் கால்) வேண்டும். வலையை இழுத்துக் கட்டும்போது முழு இழுவையும் மூலைக்கால்மேல் விழுகிறது. முட்டு இல்லாவிட்டால் கால் உள்பக்கம் சாயும், வலை தொப்பை போடும். கால் 7 அடி, அதில் 2 அடி மண்ணுக்குள். ஓரடிக்கு ஓரடி குழியில் 1:2:4 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி) போட்டால் மூன்று குழிக்கு ஏறத்தாழ ஒரு மூட்டை சிமெண்ட் ஆகும். மூட்டையை எண்ணினாலே குழியின் ஆழம் தெரிந்துவிடும். கலவை போட்டு ஏழு நாளாவது ஆகாமல் வலையை இழுக்க விடாதீர்கள். மறுநாளே கட்டி முடித்துத் தருகிறோம் என்பது வாடிக்கையாளருக்கான சலுகையே அல்ல.

மண்ணும் விலையை மாற்றும். கரிசலில் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும் மண் காலை அசைத்துவிடும் என்பதால் குழி இன்னும் ஆழமாக வேண்டும். பாறையென்றால் குழிக்கூலி தனிப் பேச்சு.

மறைப்பு வேண்டுவோர் ரெடிமேட் காம்பவுண்டுக்குப் போகலாம். தூண் இடுக்கில் கான்கிரீட் பலகையைச் சொருகும் வேலை என்பதால் சீக்கிரம் முடியும். ஆனால் கனமான சரக்கு. லாரி மனைவரை போகாவிட்டால் சுமைகூலி எகிறும். மண்ணைத் தாங்கும் சுவரும் அல்ல அது. பக்கத்து மனைக்காரர் மண் கொட்டி மேடாக்கினால் பலகை பிதுங்கும்.

கேட், அதன் தூண்கள், வண்டி வாடகை, 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆகியவை சொன்ன விலைக்குள் வருகின்றனவா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். குழி தோண்டும் முன் மனையின் எல்லை அளவுகள் உள்ள புலப்படத்தை வைத்து சர்வேயரிடம் அளந்து கல் நட்டுக்கொள்வது முக்கியம். ஓரடி தள்ளி நட்ட காலைப் பிடுங்கினால் கால் உடையும், கூலியும் இரட்டிப்பாகும்.