டாசன் வீட்டில் எட்டு ஆண்டுகள்

2016இல் சிங்கப்பூரின் ஸ்கைவில் டாசன் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் குடிவந்தபோது எங்கள் கணக்கு வேறு. எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம், முனீஸ்வரன் கோயிலும் அருகில், அது போதும். நடுமாடித் தோட்டங்களைப் படத்தில் பார்த்ததோடு சரி. இன்று யார் கேட்டாலும் முதலில் அவற்றைப் பற்றித்தான் சொல்கிறேன்.

47 மாடி, 960 வீடுகள்; எல்லாம் வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகள். வடிவமைத்தது வோஹா என்ற கட்டடக்கலை நிறுவனம், கட்டி முடித்தது 2015இல். 80 வீடுகளை ஒரு 'கிராமம்' என்று பிரித்து, 11 மாடிக்கு ஒரு பொதுத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். இத்தாலியின் மிலான் நகரில் போஸ்கோ வெர்ட்டிகாலே என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் மரங்கள் அவரவர் பால்கனியில் நிற்கின்றன. கயிற்றில் தொங்கியபடி கிளை வெட்டுகிறார்கள். பார்க்க அதுதான் அழகு. ஆனால் குடியிருக்க எனக்கு எங்கள் ஏற்பாடே பிடிக்கிறது.

முந்தைய வீட்டில் மேற்குச் சுவர் மாலை வெயிலை வாங்கி, இரவு பத்து மணிக்கும் தொட்டால் சுடும். இங்கே காற்று குறுக்கே புகுந்து போகிறது. ஏசி போடாமல் தூங்கும் இரவுகள் நிறைய. மொட்டைமாடிப் பூங்காவுக்கு யாரும் போகலாம், கட்டணம் இல்லை.

குறையும் உண்டு. சுமத்ரா சூறைக்காற்று அடித்தால் சாரல் பக்கவாட்டில் வந்து பெஞ்சையெல்லாம் நனைத்துவிடும். அப்புறம் கொசு. ஒருநாள் எங்கள் கறிவேப்பிலைத் தொட்டியின் அடித்தட்டைத் தூக்கினேன்; விரல்கடைத் தண்ணீரில் கூத்தாடிப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. டெங்கி உள்ள ஊரில் இது விளையாட்டல்ல. அன்றோடு தட்டை எடுத்துவிட்டேன்.

என் மாமியாருக்கு 74 வயது, ஆங்கிலம் வராது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்கும் வராது. மாலை ஐந்தரைக்கு இருவரும் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து "சுடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்று தொடங்கினால், அரைகுறை மலாயிலேயே ஒரு மணி நேரம் போகும். 2020 கொரோனா முடக்கத்தில் கீழே இறங்க முடியாமல், நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலி பெஞ்சையே பார்த்து நிற்பார். முன்பிருந்த புளோக்கில் பத்து வருடத்தில் அவருக்கு ஒரு சிநேகிதி அமையவில்லை.

இங்கே மறுவிற்பனை வீடு பார்ப்பவர்களுக்கு ஒன்று: உயரத்துக்காக அதிக விலை கொடுக்காதீர்கள். தோட்டம் இருக்கும் மாடிக்கு இரண்டு மூன்று மாடிக்குள் தேடுங்கள். மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போகிற தூரமென்றால் தினமும் போவீர்கள்.