வாண்டா: ஒரு காருக்குள் இருவர்

விவாகரத்து வழக்கு நடக்கும் நீதிமன்றத்துக்கு, தலைமுடியைச் சுருட்டும் உருளைகளைக்கூடக் கழற்றாமல் தாமதமாக வந்து நிற்கும் வாண்டா, பிள்ளைகள் தகப்பனிடம் இருப்பதே நல்லது என்று நீதிபதியிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டு வெளியேறுகிறாள். பார்பரா லோடன் எழுதி, இயக்கி, நாயகியாகவும் நடித்த ‘வாண்டா’ 1970-இல் வெளிவந்தது. போக்கிடம் இல்லாத அவளையும், மதுக்கடையொன்றில் அவள் சந்திக்கும் திருடன் டென்னிஸையும் ஒரே காரில் ஏற்றிவிட்டு, அவர்களுடன் கூடவே பயணம் செய்கிற படம் இது.

சுமார் 1,15,000 டாலர் செலவில், விரல்விட்டு எண்ணக்கூடிய குழுவினருடன், 16 மி.மீ. ஃபிலிமில் இதை எடுத்திருக்கிறார்கள். ஒளிப்பதிவையும் படத்தொகுப்பையும் நிக்கோலஸ் ப்ரோஃபெரெஸ் ஒருவரே கவனித்தார். பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதியில், கரிமேடுகளுக்கு நடுவே வாண்டா வெளிர்நிறப் புள்ளியாக நடந்து போவதைக் கேமரா தொலைவிலிருந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கையில் நிறையப் பணம் இருந்திருந்தால், யாரேனும் அந்த நடைக்கு இசை சேர்த்துக் கெடுத்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

படத்தின் உயிர் அந்த இருவருக்கும் இடையிலான உறவில்தான் இருக்கிறது. அவள் வாங்கி வந்த ஹாம்பர்கரில் வெங்காயம் இருப்பதைக் கண்டு டென்னிஸ் சீறுகிறான்; அவள் மறுபேச்சின்றி அதைப் பொறுக்கி எடுக்கிறாள். அவள் கால்சட்டை அணிவது பிடிக்காமல், ஓடும் காரின் ஜன்னல் வழியே அதை அவன் வீசியெறிகிறான். அவளோ கடைசிவரை அவனை ‘மிஸ்டர் டென்னிஸ்’ என்றே அழைக்கிறாள். ஒரே அறையில் உறங்கும் இருவருக்கிடையே அந்த ‘மிஸ்டர்’ எவ்வளவு தொலைவை வைத்துவிடுகிறது! ஆயினும் லோடன் அவனை வெறும் கொடுமைக்காரனாக நிறுத்திவிடவில்லை. வானில் ரீங்கரிக்கும் பொம்மை விமானத்தைப் பார்த்துக் காரின் மேல் ஏறி நின்று அவன் கூச்சலிடும்போது, அவளைப் போலவே அவனும் தோற்றுப்போனவன் என்பது ஒரு வசனமும் இல்லாமல் விளங்கிவிடுகிறது. டென்னிஸாக நடித்த மைக்கேல் ஹிக்கின்ஸின் இறுகிய முகமும் எப்போதும் எரிச்சலுடன் ஒலிக்கும் குரலும் அந்தக் காட்சியில் மட்டும் சற்றுத் தளர்கின்றன.

வங்கிக் கொள்ளைக்கான ஏற்பாடுகள் தொடங்கியதும் கதை வழக்கமான குற்றப்படத்தின் பக்கம் சாய்வது எனக்குச் சிறிது உறுத்தியது. ஆனால், தன்னால் இது முடியாது என்று வாண்டா தவிக்கும் இடத்தில், படம் மறுபடியும் அந்த இருவரிடமே வந்து சேர்ந்துவிடுகிறது.

வெனிஸ் திரைப்பட விழாவில் விமர்சகர்களின் பரிசைப் பெற்ற இந்தப் படத்துக்குப் பிறகு வேறொரு முழுநீளப் படம் எடுக்க வாய்க்காமலேயே, 1980-இல், 48 வயதில் லோடன் மறைந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

மீட்டெடுக்கப்பட்ட பிரதியையே தேடிப் பாருங்கள். அதிலும் பிம்பம் பொரிபொரியாகத்தான் தெரியும். முதல் அரைமணி நேரத்தில் பெரிதாக எதுவும் நிகழாததுபோலவும் இருக்கும். அதற்காகப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். டென்னிஸ் அந்தக் காரை ஓட்டத் தொடங்கும்வரையாவது பொறுத்திருங்கள்.