தராசா, கப்பா, கையா, தட்டா? சாப்பாட்டு அளவுக்கு எது சரிப்படும்

நான் தினமும் 'ஒரு ஸ்பூன்' வேர்க்கடலை வெண்ணெய்தான் எடுத்துக்கொள்வேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தராசு வாங்கிய அன்று பாட்டிலை அதன் மேல் வைத்து, ஜீரோ பட்டனை அழுத்திவிட்டு, வழக்கம்போல் ஒரு ஸ்பூன் அள்ளினேன். மைனஸ் 31 என்று காட்டியது. ஒரு டேபிள்ஸ்பூன் என்றால் சுமார் 16 கிராம். மீதி 15 கிராமும் ஸ்பூனுக்கு மேல் நான் கட்டிய கோபுரம்! கலோரிக் கணக்கில் அது கிட்டத்தட்ட 90.

தராசின் பலம் இதுதான், அது முகஸ்துதி பேசாது. ஆனால் அதிலும் ஒரு குழி உண்டு. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 360 கலோரி. அதே 100 கிராம் வெந்த சோற்றில் 130தான். தண்ணீரைக் குடித்து எடை கூடுகிறதே தவிர சத்து கூடுவதில்லை. சோற்றை எடைபோட்டுவிட்டு அரிசிக்கான கணக்கைப் பார்ப்பவர்களும், அரிசியை எடைபோட்டுவிட்டுச் சோற்றுக் கணக்கைப் பார்ப்பவர்களும் ஏராளம். அப்புறம், வாழ்நாள் முழுக்க எடைபோட்டுச் சாப்பிடப் பெரும்பாலோரால் முடியாது. மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் போடுகிறவர்களுக்கு மட்டும் அது பெரிய உதவி. சாப்பாட்டைப் பற்றிய கவலை ஏற்கெனவே அதிகமாக இருப்பவர்கள் தராசுப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

அளவுக் கப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர், பால் போன்றவற்றுக்குச் சரி. மாவை மெதுவாகத் தூவி நிரப்பினால் 120 கிராம் பிடிக்கும், அழுத்தி அள்ளினால் 150 வரை போகும். கப்பிலேயே 240 மில்லி, 250 மில்லி, ஜப்பானில் 200 மில்லி என்று ஆளுக்கொரு கணக்கு.

கை முறை எனக்குப் பிடித்தது. விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கை அளவு இறைச்சியோ மீனோ, மூடிய கைமுட்டி அளவு சோறு, குவித்த கையளவு நட்ஸ், கட்டைவிரல் அளவு வெண்ணெய். எங்கே போனாலும் கூடவே வரும். பெரிய உடம்புக்குப் பெரும்பாலும் பெரிய கை என்பதால் அளவும் ஓரளவு ஆளுக்கேற்ப மாறும். ஆனால் நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவரும் நாற்காலியை விட்டு எழாதவரும் ஒரே அளவு கை வைத்திருக்கலாம், பசி ஒன்றாக இருக்காது. எண்ணெயைக் கட்டைவிரலால் அளக்கவும் வழியில்லை.

தட்டு முறையில் எண்ணே கிடையாது. பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் பங்கு தானியம், கால் பங்கு புரதம். அமெரிக்க வேளாண் துறை 2011இல் பழைய பிரமிடு படத்தைக் கைவிட்டுத் தட்டுக்கு மாறியது, ஹார்வர்டும் அதே ஆண்டு தன் தட்டை வெளியிட்டது. மற்ற முறைகள் 'எவ்வளவு அதிகம்' என்றே பார்க்கும்போது, தட்டு 'எது குறைகிறது' என்றும் காட்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதுவும் உருளைக்கிழங்கைச் சேர்க்காமல். நிறையச் சாப்பிடுகிறேன் என்று நம்பியிருந்த நான் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை.

தட்டின் ஓட்டை அதன் விட்டம். 22 செ.மீ. தட்டை விட 28 செ.மீ. தட்டின் பரப்பு 60 சதவீதத்துக்கும் மேல் அதிகம். அதற்காகச் சின்னத் தட்டு வாங்கினாலே குறைவாகச் சாப்பிடுவோம் என்று நம்ப வேண்டாம். பெரிய பாத்திரத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டால் அதிகம் சாப்பிடுவோம் என்று சொன்ன ஒரு பிரபல ஆய்வே 2018இல் திரும்பப் பெறப்பட்டது.

பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் பரிமாறும் அளவை இந்தப் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். அமெரிக்காவில் 2016இல் விதி மாறியபோது ஐஸ்கிரீமின் அளவு அரை கப்பிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு கப்பாக உயர்ந்தது. மக்கள் கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள், அவ்வளவுதான் காரணம். இவ்வளவு சாப்பிடுங்கள் என்று யாரும் அதில் சொல்லவில்லை.

என் தேர்வு எதுவென்றால், ஆளைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்காமல் உணவைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பேன். வெள்ளரிக்காயில் 50 கிராம் தப்பினால் 8 கலோரிதான் பிழை. பாதாமில் அதே 50 கிராம் தப்பினால் 290. ஆகவே சாப்பாட்டு வேளைக்குத் தட்டு, வெளியே போனால் கை. எண்ணெய், நட்ஸ், சீஸ் மூன்றுக்கு மட்டும் தராசு, அதுவும் கண் பழகும்வரை இரண்டு வாரம். பிறகு மாதத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டால் போதும். போன தடவை பார்த்தபோது என் ஸ்பூன் மைனஸ் 19 காட்டியது.