எடைமேடை வரிசையில் ஆறு வருஷப் படிப்பு

கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறேன். மழை விட்டுக் கொழுந்து கொட்டும் மாதங்களில் பாக்டரி வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். நம் மூட்டை எடைக்கு ஏற இரண்டு மணி நேரம் ஆகும், சில நாள் மூன்று. போனில் சிக்னல் வரும், போகும். அந்தக் காத்திருப்பில்தான் இந்தப் பழக்கம் பிடித்தது: இடது, வலது, திராவிடம், தேசியம் என்று எல்லா முகாம்களின் அரசியல் கட்டுரைகளையும் படிப்பது. ஆறு வருஷம் தாண்டிவிட்டது. பிரயோஜனம் உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடக்கம் 2019 ஜனவரி. பொதுப்பிரிவு ஏழைகளுக்குப் பத்து சதவீத இடஒதுக்கீடு, 103-வது அரசியல் சட்டத் திருத்தம். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து ஒரே பத்திரிகைதான். பெயரைச் சொன்னால் எங்கள் ஓட்டும் தெரிந்துவிடும், விட்டுவிடுவோம். அதில் படித்ததை டீக்கடையில் முழங்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரச் சேட்டா வடையைத் திருப்பிப் போட்டபடி கேட்டார்: "தம்பி, நாடாளுமன்றத்துல தி.மு.க. இதை எதிர்த்தது. மார்க்சிஸ்ட் ஆதரிச்சு ஓட்டுப் போட்டது. ரெண்டு பேரும் நாளைக்கு ஒரே மேடையில நிப்பாங்க. ஏன்னு சொல்லு பார்ப்போம்."

என்னால் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னபடியே அந்தக் கோடையில் இரண்டு கட்சியும் ஒரே கூட்டணி. கீழே கோயம்புத்தூர் தொகுதியில் மார்க்சிஸ்ட் ஜெயித்தது. அதற்குள் நான் கிளை நூலகத்தில் இடம் பிடித்துவிட்டேன்.

என்ன படிக்கிறேன்? மார்க்சிஸ்டுகளின் தீக்கதிர், திராவிடர் கழகத்தின் விடுதலை, தி.மு.க.வின் முரசொலி, தினமணியின் நடுப்பக்கம், இந்து தமிழ் திசை, வலது பக்கம் துக்ளக், ஆர்.எஸ்.எஸ். சார்பு விஜயபாரதம். எல்லாம் இங்கே கடையில் கிடைக்காது. சிலது நூலகம், சிலது போன், சிலது மேட்டுப்பாளையம் இறங்கும்போது மொத்தமாக வாங்கி வருவது.

முதல் ஆறு மாதம் கொடுமை. ஒரே விஷயத்துக்கு இரண்டு எதிர்முகாம் கட்டுரைகளை அடுத்தடுத்துப் படித்தேன். குழாயடிச் சண்டையை எழுத்தில் படித்த மாதிரி இருந்தது. கோபம்தான் வந்தது, விவரம் வரவில்லை. 'ஒன்றிய அரசு' என்று தொடங்கினால் கட்டுரை எங்கே போய் முடியும் என்று தெரியும். 'தேசவிரோத சக்திகள்' என்று தொடங்கினாலும் தெரியும். சில எழுத்தாளர்களை இரண்டு வரியில் மடித்து டாஷ்போர்டில் போட்டுவிடப் பழகினேன்.

ஆனால் அந்தப் பத்து சதவீத விவகாரத்தில் மட்டும் லாபம் உண்டு. இடஒதுக்கீடு வறுமை ஒழிப்புத் திட்டம் இல்லை என்ற வாதத்தை விடுதலை திரும்பத் திரும்ப எழுதியது. அதைத் தொடர்ந்து போனபோதுதான், 1979-ல் எம்.ஜி.ஆர். பிற்படுத்தப்பட்டோருக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு கொண்டுவந்ததும், 1980 மக்களவைத் தேர்தலில் அடிவாங்கிய பிறகு அதை விலக்கி 31 சதவீதத்தை 50 ஆக்கியதும் தெரிந்தது. இடதுசாரிகளோ வர்க்கக் கணக்கில் பேசினார்கள்: எந்தச் சாதியானாலும் ஏழை ஏழைதானே என்று. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமே மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்துதான் தீர்ப்புச் சொன்னது. நான் டீக்கடையில் அரை நிமிஷத்தில் முடித்துவைத்த விஷயம் அது.

அப்புறம் எங்கள் கதைக்கு வருகிறேன். ஊரில் எங்களைச் சிலோன்காரர்கள் என்பார்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எண்ணி வைக்கப்பட்ட ஐந்தே கால் லட்சம் பேரில் தாத்தா குடும்பமும் உண்டு. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, கடைசியில் இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்க என்றே 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இன்றைய டான்டீ அதுதான். நான் பிறந்தது அதன் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில்.

எங்களைப் பற்றி ஒவ்வொரு முகாமும் எழுதியதைத் தேடிப் பிடித்துப் படித்தேன். திராவிட இயக்கக் கட்டுரைகளில் டெல்லி தமிழனைக் கேட்காமல் ஆளைப் பங்கு போட்டது என்ற கோபம் இருக்கும். சரிதான், தாத்தாவை யாரும் கேட்கவில்லை. ஆனால் தமிழர் என்று ஒரே சொல்லில் எங்களையும் யாழ்ப்பாணத்தாரையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இடதுசாரிக் கட்டுரைகளில்தான், தோட்டத் தமிழரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கிய இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்துக்குக் காரணமாக ஓட்டுக் கணக்கைப் பார்த்தேன்: தோட்டத் தொழிலாளர் வாக்கு அங்கே இடதுசாரிகளுக்குச் சாதகமாக இருந்தது, அந்த வாக்கையே பிடுங்கினார்கள். இதை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. வலதுசாரிகள் எழுதியதில் காங்கிரஸின் தவறுகள் துல்லியமாக இருக்கும். ஆனால் 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது பட்டியலில் இலங்கை இல்லாததற்கு அவர்கள் சொன்ன விளக்கம் என் அத்தைக்குச் செல்லுபடியாகாது. 1983 கலவரத்துக்குப் பிறகு வந்து இன்னும் அகதி முகாமில் இருக்கிறார், அவரும் எங்களைப் போல இலங்கைத் தோட்டங்களின் மலையகத் தமிழர்தான்.

இங்கேதான் எனக்கு ஓர் உரைகல் கிடைத்தது. நான் பிறந்து வளர்ந்த விஷயத்தில் ஒருவர் எவ்வளவு சரியாக எழுதுகிறார் என்று முதலில் பார்ப்பேன். அதை வைத்துத்தான் காஷ்மீரைப் பற்றி அவர் எழுதுவதற்கு எவ்வளவு காது கொடுப்பது என்று முடிவு செய்கிறேன்.

இரண்டாவது உரைகல் பச்சைத் தேயிலை விலை. தேயிலை வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ்; இண்ட்கோசர்வ் மாநிலத்தின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பு. ஆகவே விலை விழுந்தால் மத்தியில் ஆள்பவர் முகாமுக்கும் மாநிலத்தில் ஆள்பவர் முகாமுக்கும் திட்ட எதிரில் ஓர் ஆள் தயார். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்து நீலகிரித் தேயிலைக்குச் சந்தை போன கதையை ஒழுங்காக எழுதுபவர்கள் குறைவு. முற்றிய இலையை மெஷினில் வெட்டி மூட்டை கட்டுவதை, நான் படித்தவரை, ஒரு முகாமும் தொடவில்லை. தினமும் ஏற்றுகிற எனக்குத் தெரியும் அதில் எவ்வளவு குச்சி என்று. ஓட்டுப் போடும் விவசாயியைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். எதிரியைத் திட்டும் கட்டுரையைவிட, கூட்டாளியோடு சண்டை வரும்போது எழுதும் கட்டுரையில்தான் சரக்கு இருக்கிறது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கான மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது அப்போதைய ஆளுங்கட்சியான தி.மு.க.வின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அடுத்த வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம், ஒரு மாதத்துக்கு மேல். அந்த நாட்களில் தீக்கதிரையும் முரசொலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கூட்டணியும் உடையக் கூடாது, தொழிலாளியையும் விடக் கூடாது என்று எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தல்லவா போட வேண்டியிருக்கிறது! வலது பக்கமும் இப்படி உண்டு. 1996-ல் தி.மு.க. - த.மா.கா. கூட்டணிக்கு ஆதரவாக நின்றவர் துக்ளக் சோ.

குறை இல்லாமல் இல்லை. நேரம் தின்னும். டீக்கடையில் பழையபடி சட்டென்று பேச வராது. "நீ எந்தப் பக்கம்னே தெரியலையேப்பா" என்று ஒதுக்கிவிட்டார்கள். உண்மையில் என் ஓட்டு மாறவில்லை. யூடியூபில் இதையே செய்து பார்த்தேன், ஒரு வாரத்தில் கத்துகிற ஆட்களை மட்டுமே கொண்டுவந்து கொட்டியது. நிறுத்திவிட்டேன். வீட்டில் மனைவியின் தம்பி எதிர்முகாம். முன்பெல்லாம் பொங்கலுக்கு வந்தால் சாப்பாட்டு இலை எடுப்பதற்குள் சண்டை. இப்போது, "அத்தான், அந்த விடுதலையை முடிச்சிட்டீங்கன்னா குடுங்க, திட்டணும்" என்று வாங்கிப் போகிறான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஏழு பத்திரிகையையும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டாம். உங்கள் தொழிலைப் பற்றி, உங்கள் ஊரைப் பற்றி இரண்டு முகாம் எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள், போதும். அப்புறம் ஜூலை, ஆகஸ்டில் மேகம் இறங்கினால் பேப்பர் நமத்து அப்பளமாகிவிடும். பிளாஸ்டிக் பை இந்த மாவட்டத்தில் கூடாது. நான் காலி உரச் சாக்கில் மடித்து சீட்டுக்கு அடியில் வைக்கிறேன். இலை தூக்கிய கையைத் துடைத்துவிட்டு எடுங்கள். அந்தக் கறை கறுத்துப்போய் நடுப்பக்கத்தையே மறைத்துவிடும்.