நோய்க்காலத்தில் மளிகைக் கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் எவ்வளவு உதவும்?

கொரோனாவுக்காகத் தமிழ்நாட்டில் 2021 மே 24-இல் தளர்வில்லா ஊரடங்கு வந்தபோது மளிகைக் கடைகளும் அடைபட்டன. அப்படியொரு காலம் திரும்பினால், தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ இருக்கும் குடும்பக் கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் போதுமா? காசில்லாமல் கிடைப்பதில் இது நல்ல செயலி. ஆனால் பற்று நோட்டைப் பரணில் போட்டுவிட முடியாது.

இதில் உருப்படியானது லேபிள், அதாவது ஒவ்வொருவர் சாட்டிலும் நாம் ஒட்டிவைக்கும் குறிப்புச் சீட்டு. 20 வரை வைக்கலாம். ‘புது ஆர்டர்’, ‘கட்டியாச்சு’, ‘கொடுத்தாச்சு’, ‘பாக்கி’ என நாலே போதும். கடை எண்ணை அப்பா, மகன், மருமகள் மூவரும் அவரவர் போனில் இணைத்திருந்தால் ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் சாமான் கட்டிவிடுவார்கள். ஆர்டரைக் கையில் எடுப்பவர் உடனே லேபிளை மாற்றினால் அந்தக் குழப்பம் வராது. நோய் வந்த வீட்டுக்கு ஐந்தாவதாக ‘வாசலில் வை’ என்று ஒரு லேபிள் போடுங்கள். வாடிக்கைக்காரருக்கு அது தெரியாது. ‘கொரோனா வீடு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சாமான் கொண்டுபோகும் பையன் பார்ப்பான், ஊர் முழுக்கத் தெரிய ஒரு பொழுது போதும்.

எல்லோரையும் ஒரு குரூப்பில் சேர்ப்பது பெரிய தவறு. ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும். ‘எங்களுக்குக் காய்ச்சல், கேட்டில் தொங்கவிடுங்க’ என்று ஒரு அக்கா எழுதினால் அத்தனை பேரும் படிப்பார்கள். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல்தான் சரி: ஒரு பட்டியலில் 256 பேர், பதிலும் தனித்தனியாக வரும். கடை எண்ணைச் சேமிக்காதவருக்கு அந்தச் செய்தி போகாது என்பதுதான் இதன் பெரிய குறை. ஆகவே நல்ல காலத்திலேயே, பில் கொடுக்கும்போது சேமிக்கச் சொல்லிவிட வேண்டும்.

சாமான்களைப் படத்தோடும் விலையோடும் காட்டும் கேட்டலாக் பகுதியில் 500 பொருட்கள் வரை போடலாம். பாக்கெட் சாமானுக்கு நல்லது. ஏத்தங்காய், மரச்சீனி, மீன் போன்றவற்றுக்கு விலைக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இல்லாவிட்டால் பழைய விலையைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள். மருந்துகளைப் போட அனுமதி இல்லை, மருந்துக்கடைக்கு இந்தப் பகுதி உதவாது.

வயதானவர்கள் குரல் செய்தியில்தான் சாமான் சொல்வார்கள். ‘அரை’யா ‘ஆறு’வா என்பது இரைச்சலில் கேட்காது, பிறகு தேடி எடுக்கவும் சிரமம். கேட்டதுமே ‘சம்பா அரிசி 5 கிலோ, தேங்காய் எண்ணெய் 1 லிட்டர், சரிதானேம்மா?’ என்று எழுதி அனுப்பி, ‘சரி’ வந்த பிறகு கட்டுங்கள்.

‘பாக்கி’ லேபிள் தொகையைக் கூட்டிச் சொல்லாது. அதனால் எண்ணைச் சேமிக்கும்போதே பெயரோடு வீட்டுப் பெயர், இடம், பற்று நோட்டின் பக்க எண் மூன்றையும் சேர்த்துவிடுங்கள். நோட்டு எழுதுபவர் படுத்துவிட்டாலும் இன்னொருவர் கணக்கைத் தொடரலாம்.

சிம் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். மகன் பெயரில் எடுத்த எண், அவர் கல்ஃபுக்குப் போனால் கூடவே போய்விடும். கடைக்கென்று தனி சிம் எடுத்து, இரண்டு படிச் சரிபார்ப்பின் 6 இலக்க பின் எண் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரியும்படி வைத்திருங்கள்.