கோயில் நோட்டீஸில் எழுத்துக்குப் பின்னால் படம்: லிப்ரே ஆபீஸ் ரைட்டர் தேறுமா?

மதுரைப் பக்கத்து மாசிக் களரி நோட்டீஸ் என்றால், அச்சுக்குப் போகும் நிமிடம் வரை தலைக்கட்டுப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். மேலே நாலு பெயர் ஏறினால் கீழே இருக்கும் அன்னதான அறிவிப்பு அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். அதன் பின்னால் மங்கலாக வைத்த அய்யனார் படமும் கூடவே போக வேண்டும். இந்த வேலையில், வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டர் தாராளமாகத் தேறுகிறது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஆங்கர் செய்த (எழுத்தோடு சேர்ந்து நகரும்படி பிணைத்த) படத்தை அதன் எழுத்துப் பெட்டியிலிருந்து பிரித்து வேறு லேயருக்கு (அடுக்குக்கு) தள்ள முடியாது; ரைட்டரில் ஒரு டிக் போதும்.

படத்தை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறங்கள். ஆங்கரை 'டு பாராகிராஃப்' என்று வையுங்கள். ராப் (படத்தைச் சுற்றி எழுத்து ஓடும் விதம்) பக்கத்தில் 'த்ரூ' தேர்ந்தெடுத்து, 'இன் பேக்கிரவுண்ட்' டிக் செய்யுங்கள். 'ஆஸ் கேரக்டர்' என்று இருந்தால் படம் ஓர் எழுத்தைப் போல வரிக்குள் உட்கார்ந்துவிடும், ராப் வேலை செய்யாது; பலரும் தடுமாறுவது இங்கேதான். படத்தை மங்கலாக்கும் டிரான்ஸ்பரன்சியை 80 சதவீதத்தில் தொடங்கலாம். 9 பாயின்ட் பெயர்ப் பட்டியலுக்கு அதைவிடக் கருத்த படம் வைத்தால் ல, வ போன்ற எழுத்துகளின் சுழி அடைந்துபோகும்.

படம் காணாமல் போனதா? பட்டியலை அட்டவணையாகப் போட்டு, கட்டங்களுக்கு வெள்ளை நிறம் கொடுத்திருப்பீர்கள். அந்த வெள்ளை படத்துக்கு மேலே பூசப்படும். 'நோ ஃபில்' ஆக்கினால் படம் தெரியும். எழுத்துக்கு அடியில் கிடக்கும் படம் மவுஸுக்குச் சிக்காது. எஃப்5 தட்டி நேவிகேட்டரில் அதன் பெயரை டபுள் கிளிக் செய்யுங்கள். ஆங்கர் இருக்கும் பத்தியை முழுசாக அழித்தால் படமும் போய்விடும், கவனம். எல்லாப் பக்கத்திலும் ஒரே கோபுரம் வேண்டுமென்றால் ஹெடருக்குள் ஆங்கர் செய்வதே நல்லது.

5க்கு 7 அங்குல நோட்டீஸை நிறைக்கும் படம் 1500க்கு 2100 பிக்சலாவது இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் வேண்டாம்.

பெரிய குறை ஒன்று உண்டு: பிடிஎஃப், திரைக்கான நிறமுறையான ஆர்ஜிபியில்தான் வரும்; நாலு கலர் அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே கிடையாது. ஒற்றைக் கலர் நோட்டீஸுக்கும் ஜெராக்ஸ் பிரிண்டுக்கும் பாதகமில்லை. சிவகாசிக்கு நாலு கலர் ஆப்செட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், நிறத்தை மாற்றித் தருவார்களா என்று அச்சகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மஞ்சள் குங்கும நிறமெல்லாம் மங்கித்தான் வரும்.