சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி என்று சொல்லி வெள்ளத்தில் நின்ற காரைத் தலையில் கட்டிவிட்டார்கள்

கோவையில் பழைய கார் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அதிலும் சென்னை நம்பர் வண்டி பார்ப்பவர்கள், இதைப் படித்துவிட்டு யார்டுக்குப் போங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

புது வண்டிக்குப் பதினைந்து லட்சம் கொட்டி, ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே விலை விழுவதைப் பார்ப்பதை விட, நல்ல பழைய வண்டியை வாங்கி ஆசை தீர ஓட்டலாம் என்பது என் கட்சி. அதில் இன்னும் மாற்றமில்லை. நம் ஊரில் கார் என்றாலே மைலேஜ் என்ன, ரீசேல் என்ன என்ற இரண்டே கேள்விதான். ஸ்டீயரிங் எப்படி இருக்கிறது, வளைவில் வண்டி எப்படி நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஃபோர்ட் ஈக்கோஸ்போர்ட் டீசல், 2018 மாடல். மறைமலைநகரில் செய்த வண்டி. 2021 செப்டம்பரில் ஃபோர்ட் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகும் வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இதை ஓட்டியவர்கள் விற்க மனசு வராமல் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஆசையைத்தான் அந்தக் கடைக்காரர் வைத்துப் பிழைக்கிறார். மைலேஜ் கேட்பவரிடம் மைலேஜ் பேசுவார், என்னிடம் டார்க் (இன்ஜினின் இழுவைத் திறன்) பேசினார். "சார், இது என்தூசியாஸ்ட் வண்டி, சாதாரண ஆளுக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். டாக்டர் ஓட்டியது, சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ். வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தில் 'நான்-ஆக்சிடென்ட், நான்-ஃபிளட்' என்று எழுத்திலேயே இருந்தது. விலை ஐந்தரை லட்சம்.

பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தோம். பெயின்டின் தடிமனை அளக்கும் மீட்டர் எல்லா பேனலிலும் 100 முதல் 130 மைக்ரான்தான் காட்டியது, பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம்கூட இல்லை, காலையில் குளிர்ந்த இன்ஜின் ஒரே சாவியில் பிடித்தது, அவினாசி ரோட்டில் ஓட்டியபோது நேர்கோட்டில் போனது. சிக்கலே அங்கேதான். நம்மைப் போன்றவர்கள் தேடுவது அடிபட்ட வண்டியை. அசையாமல் தண்ணீரில் நின்ற வண்டிக்குப் பெயின்டும் ஒரிஜினல், பேனலும் ஒரிஜினல். இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் அது பாஸ். டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் சேறு இருக்கிறதா பார் என்பார்கள், ஆனால் ஈக்கோஸ்போர்ட்டில் ஸ்டெப்னி பின் கதவில் வெளியே தொங்குகிறது. உள்ளே தரையை முழுக்க மூடும் 7டி மேட் புத்தம் புதிதாக, கதவு ஓரம் வரை ஒட்டி இறுக்கியிருந்தார்கள். புது சீட் கவர், தலைவலிக்கிற அளவுக்கு பெர்ஃப்யூம்.

வண்டியை வாங்கி ஓட்ட ஆரம்பித்த பிறகு, முதலில் ஒரு கதவின் பவர் விண்டோ நின்றது. அப்புறம் ஏர்பேக் லைட் எரிய ஆரம்பித்தது. ஃபோர்ட் வண்டிகளின் கோளாறு கோடுகளைப் படிக்கும் ஃபோர்ஸ்கேன் மென்பொருளில் அழித்தால் அணையும், மறுநாள் திரும்ப வரும். அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் கன்சோல் மொத்தமாக அணைந்து மீண்டும் எரிந்தது. உக்கடத்தில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பி டிரைவர் சீட்டைக் கழற்றி மேட்டைக் கிழித்தார். அடியில் இருந்த ஃபோமை விரலால் அழுத்தினால் காய்ந்த வண்டல் மாவு மாதிரி உதிர்ந்தது. சீட்டுக்குக் கீழே உள்ள மஞ்சள் கனெக்டரைப் பிரித்தால் பின் எல்லாம் பச்சை பூத்திருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். சாதாரணமாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் பழுப்புக் கோடு. "அண்ணா, இது தண்ணியில நின்ன வண்டிங்க. டேஷ்போர்டு மட்டம் வரைக்கும் ஏறியிருக்குங்க" என்றார்.

ஆர்சி-யில் இருந்த முகவரியை வைத்து முதல் ஓனரைத் தேடிப் பிடித்தேன். அவர் டாக்டரே இல்லை. பாவம், எதையும் மறைக்கவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூர் பக்கம் வண்டி மூழ்கியிருக்கிறது. பழுதுச் செலவு ஐடிவி-யில் (பாலிசியில் போட்டிருக்கும் வண்டியின் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸ் என்று முடித்துவிடும். இவருக்கும் பணம் வந்துவிட்டது, வண்டி ஏலத்தில் போய்விட்டது. போகும்போது ஓனர் பெயர் மாற்றுவதற்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் வெறும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை கை மாறினாலும் ஆர்சி-யில் அவர் பெயர்தான். 'சிங்கிள் ஓனர்' என்று அவர்கள் சொன்னது காகிதத்தில் பொய்யே இல்லை!

கடைக்காரரிடம் கேட்டால், "பழைய வண்டின்னா சின்னச் சின்ன வேலை வரத்தான் செய்யும் சார்" என்று டீ வாங்கிக் கொடுக்கிறார். வெள்ளத்தில் நின்றது பற்றி அவருக்கே தெரியாதாம். டெலிவரி நோட்டில் 'உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்' என்ற வரியைக் காட்டுகிறார். வேண்டுமானால் ஒரு லட்சம் போட்டு வேறு வண்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த வண்டியிலும் புது 7டி மேட். முடியாது என்றுவிட்டேன்.

இந்த வியாபாரத்தில் வாய்ப்பேச்சுக்கு மதிப்பே கிடையாது, காகிதம்தான் பேசும். பழைய இன்சூரன்ஸ் பாலிசி நகலைக் கேளுங்கள், கடைசி ஒன்று மட்டும் போதாது, அதற்கு முந்தையதும் வேண்டும். என் வண்டியில் ஒரு பாலிசி 2023 டிசம்பரோடு நின்று, அடுத்தது 2024 மே-யில்தான் தொடங்கியது. ஓனர் வெளிநாடு போனதால் ரினியூ செய்யவில்லை என்று கதை சொன்னார்கள். ஆறு வருட வண்டிக்கு நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காதவருக்குத் தரும் பிரீமியம் தள்ளுபடி) பூஜ்யம் என்று இருந்தாலும் உஷாராகுங்கள். ஓனர் விற்றதாகச் சொல்லும் தேதியையும் சர்வீஸ் சென்டரில் கடைசியாக வந்த தேதியையும் ஒப்பிடுங்கள். முக்கியமாக, 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிக்கு ஆர்டிஓ-விடம் அங்கீகாரச் சான்றிதழ் இருக்க வேண்டும். ஓனர் அவரிடம் வண்டியை ஒப்படைத்ததை ஃபாரம் 29சி வழியாகத் தெரிவிக்க வேண்டும். அந்த இரண்டையும் கேட்டதும் முகம் மாறுகிறதா என்று பாருங்கள். என் கடைக்காரரிடம் இரண்டும் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன், பதிவு செய்துகொண்டார்கள், அதோடு சரி. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனில் புகார் போட்டேன். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை, அதற்கு மேல் பத்து லட்சம் வரை வெறும் 200 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 'நான்-ஃபிளட்' என்ற அந்த வாட்ஸ்அப் விளம்பரத்தை அழிக்காமல் வைத்திருந்ததுதான் இப்போது என் பெரிய ஆதாரம். கடைக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. இதற்கிடையில் அங்கே வண்டி பார்க்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால், மேட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். "ஒட்டியிருக்கு சார், எடுக்க முடியாது" என்றால் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.